ரின்புயியின் இடப்பக்கம்

"அக்கா, நான் என்னத்துல கொறஞ்சு போனேன்?" என்று கேட்டாள் ரெஜினா.

பெல்சி கையிலிருந்த பந்தை அவள் முகத்துக்கு நேரே வீசினாள்.

ரெஜினா பிடித்தாள்.

"ஒண்ணும் கொறயல்ல," என்றாள் பெல்சி.

"பெறவு ஏன் அவ கோல்ல நிக்கா, நான் பெஞ்சில இருக்கேன்?"

"கோல் போஸ்ட் ஒண்ணுதான பிள்ளே."

காட்மாண்டுவில் அப்போது தெற்காசிய நாடுகளின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ரெஜினா இந்திய அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் மிசோரத்துக்காரி, ரின்புயி. இருவருக்கும் பயிற்சி கொடுப்பவள் பெல்சி. கன்னியாகுமரிக் கடற்கரையில் ரெஜினாவுக்குப் பக்கத்து ஊர்க்காரி. முப்பது வயதுகூட ஆகவில்லை. அதிகம் பேசமாட்டாள்.

ரெஜினா ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஆடாதவர்கள் போடும் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். "டிவியில உன்னத் தேடிக்கிட்டே இருந்தோம் மக்கா. ஒரு தடவ தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தது நீதான?"

"நான்தாம்மா."

ரெஜினா போனை வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். ரின்புயி கையுறைகளைக் கழுவி ஜன்னலில் காயப்போட்டிருந்தாள். தன்னுடையவை அழுக்காகவே ஆகவில்லை என்பது ரெஜினாவுக்கு நினைவு வந்தது. வயிறு எரிந்தது.

அதன்பின் அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ரின்புயியை மட்டும் பார்த்தாள். அவள் எப்போது எச்சில் விழுங்குகிறாள், எப்போது பின்னால் நகர்கிறாள், எந்தப் பந்துக்குப் பயப்படுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அரையிறுதியில் பங்களாதேஷ் ஒரு கோல் அடித்தது. இடப்பக்கம், தரையோடு தரையாக வந்த பந்து. ரின்புயி விழுந்தாள். பந்து அவள் விரலைத் தாண்டிப் போனது.

ரெஜினா சிரித்துவிட்டாள்.

சட்டென்று வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். பெல்சி மைதானத்தைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தியா இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. எல்லோரும் கத்திக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள். ரெஜினா பெல்சியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன ஊருக்கு அனுப்பிருங்கக்கா."

"ஏன்?"

"அவ கோல் வாங்கினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்தது."

"எவ்வளவு நேரம்?"

ரெஜினா யோசித்தாள். "அவ திரும்பி வலைக்குள்ள இருந்து பந்த எடுக்கறது வரைக்கும்."

பெல்சி தலையசைத்தாள். கொஞ்ச தூரம் பஸ் போனது.

"அந்தக் கோல் எப்படி விழுந்தது?"

"இடப்பக்கம் தாழ்வா பந்து வந்தா, அவ முதல்ல வலது கால ஒரு எட்டு வலப்பக்கமா வைப்பா. அதுக்குப் பெறவுதான் பாய்வா. அதுக்குள்ள பந்து போயிரும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"கோவா கேம்ப்ல இருந்து."

பெல்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது தெரியாது," என்றாள்.

திட்டு விழும் என்று ரெஜினா காத்திருந்தாள். பெல்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறுதி ஆட்டம் நேபாளத்தோடு. கோலில் ரின்புயிதான் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு முன் கோல்கீப்பருக்குப் பந்தடித்துப் பயிற்சி கொடுப்பது பெல்சியின் வேலை. அன்று அவள் பந்துப் பையை ரெஜினாவின் காலடியில் போட்டாள்.

"நீ குடு."

"நானா? எங்க அடிக்கணும்?"

பெல்சி போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ரெஜினா முதல் பந்தை வலப்பக்கம் அடித்தாள். ரின்புயி அழகாகப் பாய்ந்து பிடித்தாள். அடுத்ததும் வலப்பக்கம். அதையும் பிடித்தாள். கூட்டம் கைதட்டியது.

இப்படியே அடித்துக்கொண்டு போகலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

ரெஜினா இன்னொரு பந்தை வைத்தாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு இடப்பக்கம், தரையோடு அடித்தாள்.

உள்ளே போனது.

மறுபடி அங்கேயே. மறுபடி உள்ளே.

ரின்புயி எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஃபைனலுக்கு முன்னாடி என்னை உடைக்கப் பார்க்கிறாயா?" என்று இந்தியில் கேட்டாள். "இந்த இடத்துக்கு நீ ஆசைப்படுவது எனக்குத் தெரியாதா?"

"ஆசைதான்," என்றாள் ரெஜினா. "உன் வலது காலைப் பார். பந்து வரும்போது அதை நகர்த்தாதே."

தலைமைப் பயிற்சியாளர் தூரத்திலிருந்து கத்தினார். "யார் அவளுக்கு அங்கேயே அடிப்பது? நிறுத்தச் சொல்லு!"

பெல்சி எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

ரெஜினா அடித்தாள். ரின்புயி காலை நகர்த்தாமல் நின்றாள், பாய்வதற்குத் தாமதமானது. இன்னொன்று. விரல் பட்டது. இன்னொன்று. தடுத்தாள்.



ஆட்டத்தில் இந்தியா ஒரு கோல் முன்னால் இருந்தது. முடியும் நேரத்தில் நேபாளத்துப் பெண் ஒருத்தி தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டித் தனியாக உள்ளே வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இடப்பக்கம், தாழ்வாக அடித்தாள்.

அந்தக் கணத்தில் ரெஜினா என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது.

ரின்புயியின் வலது கால் நகரவில்லை. அவள் பாய்ந்தாள். பந்து அவள் உள்ளங்கையில் பட்டு வெளியே போனது.

விசில் ஊதியதும் எல்லோரும் ஓடிப்போய் ரின்புயியைத் தூக்கினார்கள். கேமராக்கள் அவளைச் சுற்றிக்கொண்டன. அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள்.

பெஞ்சில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"அக்கா, இன்னும் எரியுதே," என்றாள் ரெஜினா. அழுகை வந்தது. "சொல்லிக் குடுத்துட்டா போயிரும்னு நெனச்சேன். முன்னவிட அதிகமா எரியுது."

"எனக்கும்தான்," என்றாள் பெல்சி. "அன்னிக்கு பஸ்ல நீ அந்தக் காலப் பத்திச் சொன்னப்ப ஆரம்பிச்சது."

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "உங்களுக்கா? யார் மேல?"

"உன் மேல."