வர்றேன் என்று சொல்லிக் கிளம்பிய நிலம்

நிலங்களுக்கு வாயும் காலும் இருந்த அந்தக் காலத்தில், வடக்கே மலை என்று ஒன்று கிடையாது. அங்கே வெதுவெதுப்பான ஒரு கடல் இருந்தது. அதன் வடகரையில் ஒரு பெரிய நிலம் காலை நீட்டிப் படுத்திருந்தது. வயதான நிலம், காது சரியாகக் கேட்காது. மற்ற நிலங்கள் எல்லாம் தெற்கே வெகு தொலைவில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டுக் குடும்பமாகக் கிடந்தன.

கடலின் அடிச்சேற்றில் சுருளி இருந்தாள். ஓடு சுருண்டு சுருண்டு போகும் பிராணி. பார்க்க நத்தை மாதிரிதான் இருப்பாள், ஆனால் நத்தை என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தாள். எள் அளவுக் குஞ்சுகள், ஓடு இன்னும் இறுகவில்லை. அந்தக் கடல் இருந்தால் அவை பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

தெற்கே குடும்பத்தில் தினமும் சச்சரவு. கடைக்குட்டி நிலத்துக்குப் புரண்டு படுக்க இடமில்லை. ஒரு பக்கம் அண்ணன் இடிக்கிறான், இன்னொரு பக்கம் அக்கா சில்லென்ற காலைத் தூக்கி மேலே போடுகிறாள். சற்றுத் தள்ளிப் போய்க் கடல் நடுவில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம் என்று அது கிளம்பியது. கிளம்புகிறவர்கள் "போறேன்" என்று சொல்லலாமா? அபசகுனம் ஆயிற்றே. ஆகவே வழக்கப்படி உரக்கச் சொன்னது:

"அப்ப நான் வர்றேன்."

அந்தச் சத்தம் கடல் தாண்டிப் போயிற்று. வடகரைப் பெரியவரின் மந்தக் காதில் "வர்றேன்" மட்டும் விழுந்தது. அவரைத் தேடி அதுவரை ஒருவரும் வந்ததில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க, வாங்க" என்றார்.

கடைக்குட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாம் யாரிடம் வருவதாகச் சொன்னோம்? ஆனாலும் பெரிய மனுஷர் வாய் நிறையக் கூப்பிட்ட பிறகு பாதியில் படுத்துக்கொண்டால் மரியாதையாக இருக்குமா? தலையைக் காட்டிவிட்டுத் திரும்பலாம் என்று வடக்கே நடக்க ஆரம்பித்தது.

நிலத்தின் நடை நம் கண்ணுக்குத் தெரியாது. நகம் வளர்கிற வேகம்தான். சேற்றோடு சேறாகக் கிடந்த சுருளிக்குத் தெரிந்துவிட்டது. முன்பு பள்ளமாக இருந்த இடம் மேடாகியிருந்தது. கடலடி விரிப்பு மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. கரை நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்று அவளுக்குத் தலை சுற்றியது. மீன்களைக் கேட்டாள். "எங்களுக்கும் அதே குழப்பந்தான்" என்று சொல்லிவிட்டு அவை போய்விட்டன. கடைசியில் மேலே எட்டிப் பார்த்தாள். தெற்கேயிருந்து ஒரு நிலமே எழுந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு கரையும் சேர்ந்துவிட்டால் குஞ்சுகளை எங்கே வைப்பது? அந்த நிலத்தைத் தடுக்கக் கிளம்பினாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க, இங்க பிள்ளைங்க இருக்கு." வழி நெடுக இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்து அந்த உருவத்தை நேரில் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது வேறு.

"எங்க போறீங்க அண்ணாச்சி?"

கடைக்குட்டி அப்படியே நின்றது. நின்றுவிட்டதே என்று சுருளி மகிழ்ந்துபோனாள்.

"என்ன தாயி, கிளம்பி வர்ற ஆளைப் பாத்து எங்க போறேன்னு கேக்கலாமா? போற காரியம் உருப்படுமா?"

"தெரியாம கேட்டுட்டேன் அண்ணாச்சி."

"கேட்டாச்சே. இனி உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்பணும்."

உட்கார்ந்தது. கடலடி நொறுங்கியது. ஒரு வாய் தண்ணீரும் குடித்தது. ஒரு நிலத்தின் வாய் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கரித்ததால் உப்பை மட்டும் அங்கேயே துப்பியது. கடலில் முக்கால்வாசி காணோம்.

"ஐயோ அண்ணாச்சி, இங்க பிள்ளைங்க இருக்கு. நில்லுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"நின்னேனே தாயி. நின்னதாலதானே உக்காந்தேன், உக்காந்ததாலதானே தண்ணி குடிச்சேன். தண்ணி குடிச்சப்புறம் கிளம்பாம இருக்க முடியுமா?"

இதில் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று சுருளி யோசித்தாள். ஒவ்வொன்றும் முறைப்படிதான் நடந்திருந்தது. கடலைத்தான் காணோம்.

கடைக்குட்டி போய்ப் பெரியவர்மேல் இடித்துக்கொண்டு நின்றது.

"வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டும் ஐயா. பாத்தாச்சு. அப்ப நான் வர்றேன்."

"வாங்க, வாங்க."

"இல்லீங்க, வர்றேன்னு சொன்னேன்."

"அதான் நானும் வாங்கன்னு சொல்றேன்."

பெரியவர் கூப்பிடக் கூப்பிட, மரியாதைக்காகக் கடைக்குட்டி இன்னும் கொஞ்சம் முன்னே போக வேண்டியதாயிற்று. நடுவில் அகப்பட்ட கடலடி போக இடமில்லாமல் மேலே எழும்பியது. மேகம் வரைக்கும் போயிற்று.

அந்த மடிப்பில்தான் சுருளி இருந்தாள். குஞ்சுகளையெல்லாம் தன் ஓட்டுக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டாள். குளிர்ந்த காற்று அடித்தது. சுற்றிலும் சேறு காய்ந்து இறுக ஆரம்பித்தது. ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குஞ்சு கேட்டது:

"அம்மா, நாம எங்க போறோம்?"

சுருளி சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.

"அப்படிக் கேக்கக் கூடாது கண்ணு. கேட்டா, உக்காந்து தண்ணி குடிக்கணும்."

குடிக்க அங்கே தண்ணீர் இல்லை.

கடைக்குட்டி இன்னமும் விடைபெற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவரும் வாங்க வாங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மலையும் வளர்ந்துகொண்டே போகிறது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எனக்கும் இதுவரை பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அன்று முதல்தான் அந்த மலையுச்சிக் கல்லை உடைத்தால் உள்ளே சுருளி இருக்கிறாள், பிள்ளைகளைச் சுற்றிச் சுருண்டு, வாயை மூடிக்கொண்டு. அன்று முதல்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று நாம் கேட்பதில்லை.