மை பூசாத ஏடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. மெதுவாத்தான் சொல்வேன்.

ஆற்றங்கரை மடம் ஒன்றில் வடிவம்மை என்று ஒரு குரு இருந்தாள். நாற்பது வயது. அவளிடம் ஓலையில் எழுதக் கற்றவர்களில் அம்மாக்கண்ணுதான் மூத்தவள். ஐம்பத்தெட்டு. குரு சிஷ்யையை அக்கா என்பாள், சிஷ்யை குருவைத் தாயே என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு காலையில் அம்மாக்கண்ணு துணிமூட்டையோடு வந்து நின்றாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"எங்கயாவது, தாயே. எங்க ஆத்தா கடைசியில பெத்த பிள்ளைங்க முகத்தையே மறந்தா. அவளைப் பெத்தவளும் அப்படித்தான். நேத்து ஊருக்குப் போனேன். நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு எங்க அண்ணன் கேக்குறாரு. ரத்தத்துல எழுதியிருக்கு. எனக்கும் வரும். உங்க முகம் மறக்குறதுக்கு முன்னால போயிடுறேன்."

"இன்னும் மறக்கலையே."

"மறந்தப்புறம் வந்து எப்படிச் சொல்லிக்குவேன்?"

குரு சிரித்துவிட்டாள். அன்று காலையில் எழுத்தாணியால் கீறிய ஏடு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"படிங்க."

அம்மாக்கண்ணு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மை பூசலையே. விரலுக்குத் தட்டுது, கண்ணுக்குத் தெரியலை."

"எழுத்து இல்லையா?"

"இருக்கு. விளக்குக்கரி பூசினாத்தானே தெரியும்."

"பூசலைன்னா?"

"சும்மா கிடக்கும்." ஏட்டை விரலால் தடவினாள். "ரத்தத்துல இருக்கிறதுக்கு யாரு தாயே கரி பூசுறா?"

"கொஞ்சம் நாம. தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு, வயித்தைக் கெடுத்துக்கிட்டு, பயந்து பயந்து தனியாக் கிடந்து. கொஞ்சம் வயசு. அது நம்மைக் கேட்டுப் பூசாது."

"அப்ப எனக்கு வராதுன்னு சொல்லுங்க."

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. உங்க ஆத்தா குடுத்த சுவடியில இந்த ஒரு ஏடுதானா?"

அம்மாக்கண்ணு யோசித்தாள். "எங்களை மறந்தப்புறமும், குழம்பு கொதிக்கிற வாசத்துலயே உப்புப் பத்தலைம்பா. எனக்கும் தெரியும்."

"அதான் நம்ம சமையல்காரர் உங்களைக் கண்டா ஒளியுறாரு."

அம்மாக்கண்ணு சிரித்தாள். மூட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

"வயசு கரி பூசிட்டா, தாயே? நான் உங்களையே யாருன்னு கேட்டுட்டா?"

குரு புது ஓலை ஒன்றை எடுத்து ஏதோ கீறினாள். கரியைத் தடவித் துணியால் துடைத்தாள். தான் உட்காரும் இடத்துக்கு எதிரே ஆணியில் மாட்டினாள்.

அம்மாக்கண்ணு எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இவங்க அம்மாக்கண்ணு. எனக்கு அக்கா.'

"இது எனக்கா, தாயே?"

"எனக்கு. நானும் ஒருத்தி பெத்த பிள்ளைதானேக்கா, எனக்கும் மறதி வரலாம்."

சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.