பால்காளான் மூவரில் எரிப்பவள் யார்

அந்தக் காலத்தில் காளானுக்கும் வாய் இருந்தது. பேசியது. அளவுக்கு மீறியே பேசியது.

மலைக்காட்டில் ஒரு கோங்கு மரம். அதன் வேரடியில் பால்காளான் சகோதரிகள் மூன்று பேர் நின்றார்கள். குடை வெள்ளை, தண்டு வெள்ளை, கீறினால் சொட்டுகிற பாலும் வெள்ளை. எவள் மூத்தவள், எவள் இளையவள் என்று மரத்துக்கே தெரியாது. மூவரில் ஒருத்தியின் பால் எரிக்கும். தின்றவன் குடலைச் சுருட்டிப் போடும். மற்ற இருவரும் சாது. எரிக்கிறவள் யார் என்று மட்டும் வெளியே சொல்வதில்லை. அது அவர்களுக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு. தெரியாதவரை எவனும் வாய் வைக்க மாட்டான் அல்லவா?

ஒரு சருகுமான் குட்டி வாய் வைத்தது. பெயர் குன்னி. முயலில் பாதி இல்லாத குட்டிக்கு என்ன தெரியும்? கடித்தது, விழுந்தது, காலை உதறியது.

அப்பன் சருகன் ஓடிப்போய்க் கரடி வைத்தியரைக் கூட்டிவந்தான். அவர் குட்டியின் வாயை மோந்து பார்த்தார்.

“பால்காளான். எரிக்கிறவளைத் தின்னிருந்தா உடனே கக்க வைக்கணும். அவளைத் தின்னலேன்னா கக்க வைக்கவே கூடாது, இருக்கிற தெம்பும் போயிடும். எவளைத் தின்னுச்சு?”

“எனக்கென்ன தெரியும் வைத்தியரே?”

“போய்த் தெரிஞ்சுக்கிட்டு வா. என் மூஞ்சியை ஏன் பார்க்கிறே?”

சருகன் ஓடினான். மூவரில் ஒருத்தியின் குடையில் கடித்த தடம் இருந்தது. அதுவரைக்கும் தெளிவு. அதற்குமேல் ஒன்றும் தெளிவில்லை.

“உங்கள்ல எரிக்கிறது யாரம்மா?”

“நான் இல்லை” என்றாள் கடிபட்டவள்.

“நானும் இல்லை” என்றாள் நடுவில் நின்றவள்.

“நானும் இல்லைண்ணே” என்றாள் ஓரத்தில் நின்றவள்.

“அப்போ மூணு பேருமே இல்லையா?”

“அப்படியும் இல்லை” என்றார்கள் மூவரும்.

ஆண் சருகுமானுக்கு மேல்வாயில் சின்னதாக ஒரு கோரைப்பல் உண்டு. அதைக் கண்டு ஒரு புழுகூடப் பயந்ததில்லை. அந்தப் பல்லால் கடிபட்டவளைக் கீறி, பாலை நக்கினான். ஒன்றுமில்லை. மூச்சு வந்தது. இருந்தாலும் உறுதியாகட்டும் என்று நடுவில் நின்றவளையும் கீறி நக்கினான். ஒன்றுமில்லை. ஓரத்தில் நின்றவளிடம் நாக்கை வைத்தான். தீ! மிளகை அரைத்து அப்பியதுபோல.

“நீதானா அது!”

“ஐயோ, நான் இல்லைண்ணே!”

யார் கேட்டார்கள்? ஓட்டமாகத் திரும்பி, “குட்டி தின்னது எரிக்கிறவளை இல்லை” என்றான். கரடி கக்க வைக்கவில்லை. ஏதோ வேர்ச்சாறு கொடுத்தார். குடித்ததும் குட்டி இன்னும் முறுக்கிக்கொண்டது. கண் மேலே செருகியது.

“சரியாப் பார்த்தியா?”

“ஓரத்துல நிக்கிறவதான் எரிச்சா வைத்தியரே.”

“அவளை எப்போ நக்கினே?”

“கடைசியா.”

“மடையா! அந்தப் பால் நக்கின உடனேயா எரிக்கும்? நின்னு எரிக்கும். இப்ப எரியறது மூணுல எவளோடதாவும் இருக்கலாம்.”

சருகன் மறுபடி ஓடினான். நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இனி எதை நக்கி எதைக் கண்டுபிடிப்பது?

“இது யாரோட எரிச்சல்?” என்று கத்தினான்.

“அவளோடது.”

“போடி, உன்னோடது.”

“நாக்கு அவரோடது, எரிச்சல் மட்டும் எங்களோடதா?”

இவளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். யார் பேசினாலும் உண்மை போலிருந்தது. மறு நொடியே எல்லாம் பொய் போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் முன்காலால் சருகைத் தட்டிக்கொண்டே நின்றான்.

ஓரத்தில் நின்றவள் கேட்டாள். “குட்டி ரொம்பச் சின்னதாண்ணே?”

“இப்பத்தான் நடக்கப் பழகுது.”

அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். “என்னைத் தின்னுங்க” என்றாள்.

“அடியே!” என்று மற்ற இருவரும் சீறினார்கள். “வாக்குக் கொடுத்திருக்கோம்டி. நீ சாதுன்னு தெரிஞ்சா உன் வம்சத்துல ஒண்ணு மிஞ்சாது.”

“தெரிஞ்சா தெரியட்டும்.”

குனிந்து செம்மண்ணில் குடையைப் புரட்டினாள். வெள்ளை போய்ச் செங்கல் நிறம் ஏறியது. “முழுசாத் தின்னுங்க. எரிச்சா நான் பொய்.”

எரித்தால்? இவனும் விழுவான், குட்டியும் போய்விடும். சருகன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான். நின்றான். நாக்கில் எரிச்சல் இருந்தது. பழையதா, புதியதா? தெரியவில்லை. கொஞ்சம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஆறிவிட்டது. வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

நடுவில் நின்றவள் முந்திக்கொண்டாள். இப்போது சந்தேகம் இரண்டு பேர் மேல்தானே! “நானும் சாதுதான்! ஆனா என்னைத் தின்னுடாதீங்க!” சிவக்க மனமில்லை, வெறும் வெள்ளையாக நிற்கவும் பயம். குடையை அப்படியே வைத்துக்கொண்டு, கீறின இடத்தில் நின்ற பாலை மட்டும் மெல்லப் பழுப்பாக்கிக் காட்டினாள்.

மிச்சம் கடிபட்டவள். குடையும் வெள்ளை, பாலும் வெள்ளை.

“என்ன பார்க்கிறே?” என்றாள் அவள்.

சருகன் ஓட்டமாகத் திரும்பி, “குட்டி தின்னது எரிக்கிறவளைத்தான் வைத்தியரே!” என்றான். கரடி குட்டியின் வயிற்றை அமுக்கினார். கக்கியது. மறுபடி கக்கியது. பிறகு தும்மி, எழுந்து, விழுந்து, எழுந்து நின்றது.

அடுத்த மழைக்குக் கோங்கு மரத்தடியில் செங்கல் நிறத்தில் காளான் முளைத்தது. கண்டவர் எல்லாம் தின்றார்கள். சருகன் மட்டும் அதைத் தொடவில்லை.

அன்று முதல்தான் பால்காளானில் ஒன்று செங்கல் நிறமாகவும், ஒன்று கீறிய பிறகு நின்று பழுப்பதாகவும், ஒன்று கடைசிவரை வெள்ளையாகவும் இருக்கிறது. கூடையோடு காட்டுக்குப் போகிறவனும் குடையைக் கீறி, பாலையே பார்த்துக் காத்துக் கிடந்து, அப்புறமும் நம்பிக்கை வராமல் போட்டுவிட்டு எழுந்து போகிறான்.