மாசிலாமணி பூதத்தைப் பட்டினி போட்ட கதை

ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சாம். ம் சொல்லணும் கயலு, இல்லன்னா கதை நின்னுரும்.

"ம்."

அந்தப் பூதம் கோழி திங்காது, ஆடு திங்காது. மனுஷங்க தலைக்குள்ள இருக்குற யோசனையைத்தான் திங்கும். காதுல மூக்கை வெச்சு சர்ர்ர்ருன்னு ஒரு இழுப்பு, அவ்ளோதான். பூதம்னா ராத்திரிதான் வரும்னு நெனைக்காத. இது மத்தியானம், எல்லாரும் சாப்ட்டுட்டு அசந்துபோற நேரத்துல வரும்.

மொதல்ல முடிவெட்டுற கதிர்வேலு காதுல இழுத்துச்சு. அவரு பாதித் தலைய வெட்டிட்டு, மீதிய என்ன பண்றதுன்னு தெரியாம கத்திரிக்கோலோட நின்னாரு. அப்புறம் டீ மாஸ்டர். கிளாஸ மேல தூக்கி ஆத்துனவரு, எறக்கணும்னே தோணாம நின்னுட்டாரு. அப்புறம் ஹெட்மாஸ்டர். அவருகிட்ட மட்டும் யாருக்கும் வித்தியாசமே தெரியல.

"தாத்தா, வலிக்குமா?"

வலிக்காது. வலிச்சாத்தான் எல்லாரும் உஷாரா இருப்பாங்களே!

அந்த ஊர்ல மாசிலாமணின்னு ஒருத்தர். பம்ப்செட் கம்பெனியில மேனேஜரு. யோசனையப் பத்திப் பேசுறதுதான் அவருக்கு வேலை. யோசிக்கிறது இல்ல, யோசனையப் பத்திப் பேசுறது. அதுவும் இங்கிலீஷ்ல. மீட்டிங்ல அவரு வாயத் தொறந்தா எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. வெளிய வந்து, "என்னய்யா சொன்னாரு?"ம்பாங்க. அவருக்கே உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு: நெசமா எனக்குன்னு ஒரு யோசனையாவது வந்திருக்கா?

ஆனா அவரு சம்சாரம் செண்பகத்துக்கு ஒண்ணு வந்துச்சு. மழை பெஞ்சா அவங்க தெரு முட்டியளவு தண்ணியில நிக்கும், வீட்டுக்குள்ள அடுப்பே முங்கிப்போகும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால மண்ணு மூடிக் கெடக்குற வாய்க்கால வெட்டிவிட்டா, தண்ணி ஏரிக்குப் போயிரும்ல? சாயங்காலம் தெருக்காரங்ககிட்ட சொல்லலாம்னு செத்த நேரம் கண்ணசந்தாங்க. வெளிய வானம் கருகருன்னு கெடக்கு.

அப்போ வாசல்ல... தொம்! தொம்! தொம்!

ஞாயித்துக்கெழமைங்கிறதால மாசிலாமணி வீட்லதான் இருந்தாரு. எட்டிப் பாத்தா பூதம், பனைமர ஒசரம்!

"உள்ள நல்ல யோசனை வாசம் வருது. தள்ளு."

"அவ தூங்குறா. என்னோடதத் தின்னு."

"சரி, சொல்லு. உன் யோசனை என்ன?"

மாசிலாமணி தலைக்குள்ள துழாவுறாரு, ஒண்ணும் தட்டுப்படல. கதவ விட்டு நகந்தா செண்பகத்தோட யோசனை போச்சு, தெருவும் போச்சு. தொண்டையச் செருமிக்கிட்டாரு.

"மொதல்ல நாம ப்ரெயின்ஸ்டார்ம் பண்ணணும்."

பூதம் லபக்குன்னு முழுங்குச்சு. ஏவ்வ்வ்! வெறும் காத்து. பனைமரம் வேப்பமரமா கொறஞ்சிருச்சு.

"பசிக்குது, இன்னும் போடு."

"அவுட் ஆஃப் தி பாக்ஸ் யோசிக்கணும்."

லபக்! ஏவ்வ்வ்! வேப்பமரம் எருமையாச்சு. "என்னடா இது, திங்கத் திங்க வயிறு ஒட்டுது!"

"பிக் பிக்சரப் பாக்கணும். இத இப்போதைக்குப் பார்க் பண்ணிட்டு, அப்புறமா சர்க்கிள் பேக் பண்ணலாம்."

லபக், லபக். எருமை பூனையாச்சு. தரையில உக்காந்து அழுதுச்சு. "இத்தன ஊர்ல தின்னுருக்கேன். உன்ன மாதிரி ஒண்ணுமே இல்லாத ஆள பாத்ததே இல்லடா!" தூன்னு துப்பிட்டு ஏரிக்கரைப் பக்கமா ஓடியே போச்சு.

தூங்குறியா? ம் காணோமே.

"ம்..."

அப்புறம் செண்பகம் எந்திரிச்சாங்க, தெருவக் கூட்டுனாங்க. மம்பட்டியும் கூடையுமா எல்லாரும் எறங்கி வாய்க்கால வெட்டுனாங்க. அப்போ மழை சோன்னு ஊத்துச்சு. தண்ணி சளசளன்னு ஏரிக்கு ஓடுது. ஒரு வீட்லயும் அடுப்பு நனையல.

மாசிலாமணி மட்டும் மொகத்தத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தாரு.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"பூதமே என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு துப்பிட்டுப் போயிருச்சு, செண்பகம்."

நடந்தத எல்லாம் கேட்டுட்டு, அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "ஊரையே தின்ன பூதத்த வெறும் வாய்ப்பேச்சப் போட்டே பட்டினி போட்டீங்களே, அது யாரு யோசனையாம்?"

மாசிலாமணி முழிச்சாரு. "அது... என்னோடது. அட, என்னோடதுதான்!"

சொல்லிட்டு, ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டாரு. "மெதுவாப் பேசு! அது இன்னும் ஏரிக்கரையிலதான் திரியுது!"

அன்னியிலேருந்து அவரு காதுல பஞ்சு வெக்காம மத்தியானம் தூங்குனதே இல்லையாம்.

கதை படுத்துருச்சு, நீயும் படு.