செபத்தின் பின்பாதி

"மாட்டேன் சிஸ்டர். சாகட்டும்."

மூன்று மைல் வெயிலில் நடந்து வந்த கோயில் உபதேசியார் ஞானாதிக்கம் முதலில் சொன்னது இதைத்தான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

குன்றடியில் குடிசை போட்டுத் தனியே செபத்தில் இருந்த சிஸ்டர் பவுலினாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் மனசு முட்டினால் அவர் வந்து நிற்பது அங்கேதான். சிஸ்டர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாரு சாகட்டும்?"

"மதலைமுத்து ஐயா. மூச்சு இழுக்குதாம். பங்குச் சாமியார் ஊர்ல இல்ல, நன்மரண செபம் சொல்ல நீங்கதான் வரணும்னு அவர் மகன் என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். நான் கொல்லை வழியா இங்க வந்துட்டேன்."

மதலைமுத்து பெரிய தெருக்காரர், ஞானாதிக்கம் கீழத்தெரு. நாலு வருஷத்துக்கு முன்னால், ஞானாதிக்கத்தின் மனைவி அமலோற்பவத்தைப் புதைத்த மண் காய்வதற்குள், தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பியவர் மதலைமுத்து. பெரிய தெருப் பிணம் இந்தப் பக்கம், கீழத்தெருப் பிணம் அந்தப் பக்கம். செத்த பிறகும் தீட்டு ஒட்டும் என்று பயந்த மகாராசன்.

பங்குச் சாமியார் "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கல்லறைத் திருநாளன்று அவர் பெரிய தெருப் பக்கம் நின்றபடியே சுவருக்கு மேலாகத் தீர்த்தம் தெளித்தார். சுவர்தான் நனைந்தது. அமலோற்பவத்தின் சிலுவைக்கு ஒரு சொட்டு வரவில்லை.

சிஸ்டர் கேட்டாள். "நாலு வருசமா அவரை எதிர்ல பார்த்தா என்ன சொல்வீங்க?"

"தோத்திரம் ஐயான்னு சொல்லிட்டுப் போவேன்."

"சுவரைப் பத்தி?"

"ஒண்ணும் சொன்னதில்ல."

"ஏன்?"

"பொறுத்துப் போகணும்ல சிஸ்டர். கிறிஸ்தவன்ல நான்."

சிஸ்டர் கீரையை முறத்தோடு தள்ளினாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"பயத்துக்கு ஆண்டவர் பேரை வைக்காதீங்க உபதேசியாரே. உங்க கோபத்தை அந்த மனுசன் ஒரு நாளும் பார்த்தது இல்ல. இன்னிக்கு இரக்கத்தையும் காட்டாம அனுப்பப் போறீங்க. எழுந்திருங்க."

"எனக்கு வாய் வராது."

"வராட்டி சும்மா நில்லுங்க. ஆனா அங்க வந்து நில்லுங்க."

ஞானாதிக்கத்துக்கு இப்போது அவள்மேலும் கோபம். ஆனாலும் பின்னால் நடந்தார்.

மதலைமுத்து வீட்டுப் படியை அவர் அதுவரை மிதித்ததில்லை. செபம் என்றாலும் வாசலில் நின்றுதான். சிஸ்டர் விறுவிறுவென்று உள்ளே போனாள். அவரும் போனார். யாரும் தடுக்கவில்லை. சாவு வீட்டுக்குள் வரும்போது மற்ற கணக்கெல்லாம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறது.

கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் முழந்தாளிட்டிருந்தார்கள்.

நம் செபங்களில் முன்பாதியை நடத்துகிறவர் சொல்வார், பின்பாதியைச் சனம் சொல்லும். பிறர் செய்த தீமையைப் பொறுக்கிற வரி பரலோக மந்திரத்தின் பின்பாதியில் இருக்கிறது. முப்பது வருஷம் கோயில் மைக்கைப் பிடித்தும் ஞானாதிக்கம் அந்த வரியைச் சபை நடுவே தனியாகச் சொல்ல நேர்ந்ததே இல்லை.

அன்று சிஸ்டர் முந்திக்கொண்டு முன்பாதியைச் சொன்னாள். பதில் சொல்ல வாயெடுத்தவர்களைக் கையமர்த்தினாள்.

"பதிலை உபதேசியார் சொல்லுவார்."

ஞானாதிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினார். அனுதின உணவு வரைக்கும் வந்தார். அடுத்தது அந்த வரி. அங்கே நின்றுவிட்டார்.

வீடு காத்திருந்தது. மதலைமுத்துவின் கண்கள் அவர்மேல் இருந்தன. வாய் திறந்திருந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

அமலோற்பவத்துக்கும் கடைசியில் உதடு அப்படித்தான் காய்ந்தது. அந்த ஆளைப் பார்த்து அவள் ஞாபகம் வந்ததே என்று அவருக்கு ஆத்திரமாக இருந்தது. இரக்கம் வந்தது அதைவிட ஆத்திரம். கை மட்டும் யாரையும் கேட்காமல் கட்டிலருகே இருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்த உதட்டில் வைத்தது.

மதலைமுத்து சப்பிக் குடித்தார்.

"மதலைமுத்து" என்றார் ஞானாதிக்கம்.

ஐயா இல்லை. கூடியிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள்.

"நீரு கட்டினது பாவம். எம் பொஞ்சாதியைச் செத்த பிறகும் வெளிய தள்ளினீரு. உம்மை நினைச்சு நாலு வருசமா நான் சரியாத் தூங்கல. பாவத்தைப் பாவம்னு சொல்லாம அதை எப்படிப் பொறுக்கிறதுன்னு எனக்குத் தெரியல. இப்பச் சொல்லிட்டேன்."

பிறகு அந்த வரியைச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கண்ணீர் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

மதலைமுத்து கண்ணை மூடித் திறந்தார். அது சம்மதமோ மயக்கமோ, அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

ஞானாதிக்கம் இன்னொரு முறை பஞ்சை நனைத்து அவருக்குக் கொடுத்தார். மோவாயில் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"தம்பி, வீட்டுல கடப்பாரை எங்க இருக்கு?"

"எதுக்கு உபதேசியாரே?"

"சுவரை இடிக்க."

"அப்பாவுக்கு இன்னும் உயிர் இருக்கே."

"இருக்கும்போதே இடிக்கணும். அவரு காதுல விழணும்."

மகன் தகப்பனைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டர் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கொண்டு வா தம்பி" என்றாள்.