மூணாவது மரை

"தாயி, நான் தொட்ட போல்ட்டு மட்டும் ஏன் உடையுது?"

கேட்டவர் மாசானம். வயது ஐம்பத்தேழு. முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்தவர். ஸ்பானரில் இரும்புப் பைப்பைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று முறுக்கிப் பழகிய உடம்பு.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. வள்ளியூர் பைபாஸில் பைக் மெக்கானிக். அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தால் என்ன? தெரிந்தவளிடம்தானே கேட்க முடியும்!

அவள் ஒரு பழைய இன்ஜினைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"முறுக்குங்க அண்ணாச்சி. முதல்ல வெறும் விரலால. பிறகு ஸ்பானரைத் தலைகிட்ட பிடிச்சு, ரெண்டே விரலால. சின்ன போல்ட்டு, போதும்னு அதுவே சொல்லும்."

முறுக்கினார்.

டப்.

உடைந்த துண்டை எடுத்து மரையை எண்ணினாள். மூணாவது மரையில் முறிந்திருந்தது.

மறுநாளும் மூணாவது மரை. அதற்கு மறுநாளும் அப்படியே. பதினோரு நாள் பார்த்துவிட்டு, வேறு அளவு, வேறு கம்பெனி போல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

டப். மூணாவது மரை.

ஜெசிந்தா துண்டைக் கீழே வைத்தாள்.

"இதென்ன கூத்து அண்ணாச்சி? எங்கிட்ட எதையோ மறைக்கீங்க."

மாசானம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு முறிந்த போல்ட்டு. அவள் எண்ணவில்லை. எண்ணப் பிடிக்கவில்லை.

"தம்பி பலவேசம் வண்டியில இருந்தது. பிரேக்கை நாந்தான் மாட்டுனேன். நாலாம் நாள் வளைவுல இது முறிஞ்சுது. பிரேக் பிடிக்கல. அவன் போயிட்டான்."

"இப்போ?"

"வண்டியைச் சரிபண்ணி வெளிய கொண்டாந்து நிறுத்திருக்கேன். பிரேக் மட்டும் பாக்கி. அவன் மக பேச்சி திங்கக்கிழமை அதுலதான் வேலைக்குப் போகணுங்கா. பெரியப்பா கையால பிரேக் மாட்டுனாத்தான் ஏறுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா."

அன்று சனிக்கிழமை.

"முறுக்கும்போது என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலையே."

"பொய் சொல்லாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போதும்னு கேக்கும். உடையறதுக்குக் கொஞ்சம் முன்னால."

"யாரு சொல்லுதா?"

மாசானம் முறிந்த போல்ட்டை மறுபடி பொட்டலத்தில் மடித்தார். யாரென்று அவருக்குத் தெரியாதா? பிரேக் மாட்டிய அன்று பக்கத்தில் குத்தவைத்திருந்த பலவேசம் சொன்னதுதான். "போதும் மொட்டையண்ணே." தலை நிறைய முடி உள்ள மனுஷனை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். "நீ சும்மா கெடடா" என்று இவர் இன்னொரு கால் சுற்று கொடுத்தார். அந்தப் பேரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இவளிடமும் சொல்லவில்லை.

"கேட்ட பிறகும் ஏன் முறுக்குதீங்க?"

"நிறுத்திட்டா அவன் குரலும் நின்னு போயிருமே, தாயி."

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

ஜெசிந்தா எழுந்து போய், பலவேசத்தின் வண்டியை உள்ளே உருட்டி வந்தாள். பிரேக்கையும் இரண்டு போல்ட்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

முதல் போல்ட்டு. ரெண்டு விரல். உட்கார்ந்தது.

போதும் என்று கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். போல்ட்டு உடையவில்லை.

இரண்டாவது போல்ட்டு.

முறுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை.

பைபாஸில் அந்த நேரம் ஒரு வண்டிகூட ஓடவில்லை. உச்சிவெயிலில் பட்டறையே காது அடைத்த மாதிரி இருந்தது. காத்திருந்து பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. விரல் இன்னும் கொஞ்சம் போனது.

"கையை எடுங்க!"

திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்த்தது அவரை அல்ல, அவருக்குப் பக்கத்தில் கிடந்த வெறுந்தரையை.

"எனக்குக் கேக்கலையே, தாயி."

"எனக்குக் கேட்டுது."

"என்னன்னு?"

"போதும் மொட்டையண்ணே."