பத்தடிப் புல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் மிலாக்ரோஸ் சிஸ்டர். தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி மழை. என் கடைசிப் பையன் வயிற்றில் ஏழு மாசம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று மிஷன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். சிஸ்டருக்குச் சொந்த நாடு ஸ்பெயின். மலையும் ஆறுமாக இருக்கும் ஒரு மூலையில் பிறந்தவர். "நடக்கக் கூடாதவளுக்கு நடைபாதைக் கதைதான் சரி" என்று சிரித்துக்கொண்டே சாரல் அடித்த ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் சொன்ன ஊர்ப் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. அதனால் மேலூர், கீழூர் என்றே சொல்கிறேன்.

அந்த மலைநாட்டில் முன்னொரு சமயம் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது.

கீழூரில் தொடங்கும். ஆற்றை ஏழு மிதிகற்களில் தாண்டும். செஸ்ட்நட் மரங்களுக்குள் நுழைந்து, பெரணி முளைத்த சரிவில் வளைந்து வளைந்து ஏறி, உச்சி மேட்டில் நின்று மூச்சு வாங்கும். பிறகு அந்தப் பக்கம் இறங்கி மேலூரில் போய் முடியும். மேலூர் வீடுகளுக்குச் சிலேட்டுக் கூரை. நாம் எழுதிப் பழகினோமே, அதே கல்தான்.

உச்சி மேட்டில் ஒரு கற்குவியல் இருந்தது. அங்கே மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம். மேடு ஏறுகிற ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கல் ஒன்றை எடுத்து வருவார்கள். வந்த பக்கத்திலேயே அதை வைப்பார்கள். பிறகு குவியலைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு இறங்குவார்கள். கீழூர்க் கல் ஆற்றில் உருண்ட வெள்ளைக் கல். மேலூர்க் கல் கறுத்த சிலேட்டு. குவியல் ஒரு பக்கம் வெளுப்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் இருந்தது அதனால்தான்.

பாதை எப்போதும் அரைத் தூக்கத்தில் கிடக்கும். மேலே காலடி விழும்போது மட்டும் அதற்குக் கனவு வரும். செம்மறிக் குளம்பு விழுந்தால் கம்பளிக் கனவு. கல்யாண ஊர்வலம் போனால் பாட்டுக் கனவு. அப்படியே நானூறு வருஷம் போயிற்று.

பிறகு மலையைச் சுற்றித் தார் ரோடு வந்தது. ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போனார்கள். வெளியூரிலிருந்து மலை நடக்க வருகிறவர்களுக்கென்று எதிர் முகட்டில் ஒரு புதுப் பாதை வெட்டி, மரத்துக்கு மரம் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்டார்கள்.

"என்ன பெரியவரே, இன்னும் இருக்கிறீரா?" என்று புதுப் பாதை கூப்பிட்டது. "எனக்கு நம்பர் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? நேற்று மட்டும் அறுபது பேர். ஆளுக்கு இரண்டு கம்பு. குத்துகிற குத்தில் முதுகெல்லாம் ஓட்டை!"

"சந்தோஷம் தம்பி" என்றது பாதை. "என்மேல் இரண்டே பேர்தான் நடக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேர் எனக்குத் தெரியும்."

அந்த இரண்டு பேரும் அக்காள் தங்கை. அக்காள் கசில்தா, மேலூரில் தாய் வீட்டிலேயே இருந்துவிட்டவள். தங்கை ஒலாயா, கீழூரில் வாழ்க்கைப்பட்டவள். ரோடு வருவதற்கு முந்தின மாசம் அவர்களுடைய தாய் கண்மூடினாள். அன்றைக்கு ஆறு பெருகி ஏழு மிதிகல்லையும் மூடியிருந்தது. ஒலாயாவால் மறுநாள் அடக்கத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது.

கல்லறைக் குழி பக்கத்தில், எல்லார் முன்னாலும், கசில்தா சொன்னாள்: "ஆறு ஏறியிருந்ததாமே! ஆற்றைச் சாக்குச் சொல்லாதேடி. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு போனாள்."

ஒலாயா ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அதோடு பேச்சு நின்றது. நடை நிற்கவில்லை.

சனிக்கிழமை ரொட்டி சுட்டு முடித்ததும் கசில்தா சூட்டோடு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு மேடு ஏறுவாள். கல்லை வைப்பாள். குவியலுக்கு இந்தப் பக்கமே நிற்பாள். 'சுற்றிக்கொண்டு போனால் நானே வலியப் போனதாக ஆகிவிடும். அவள்தானே இளையவள், அவள் வரட்டும்.' அரைமணி நேரம் நின்றுவிட்டு, ஆறிப்போன ரொட்டியோடு திரும்பிவிடுவாள். ஞாயிறு பூசை முடிந்து ஒலாயா ஏறுவாள், ஒரு துண்டுப் பாற்கட்டியோடு. அவளும் கல்லை வைப்பாள். அவளும் நிற்பாள். 'சொன்னவள் அவள்தானே, அவள் வரட்டும்.' அவளும் திரும்பிவிடுவாள். பஸ் ஏறினால் வாசலிலேயே இறக்கிவிடும். அதற்கு இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

இப்படி மூன்று வருஷம். வாரத்துக்கு ஒரு கல் வெளுப்பு, ஒரு கல் கறுப்பு. குவியல் ஆள் உயரம் தாண்டி வளர்ந்துவிட்டது. பின்னால் என்ன இருக்கிறதென்று எந்தப் பக்கத்தவளுக்கும் தெரியவில்லை.

பாதைக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. இறங்கும் பாதம் ஏறின பாதத்தைவிடக் கனக்கிறதே, சுமையில் ஒரு கல் குறைந்துதானே போயிற்று என்று தூக்கத்திலேயே யோசிக்கும்.

ஒரு சனிக்கிழமை, உச்சி மேட்டில் ஏதோ மெத்தென்று உறுத்தப் பாதை கண்விழித்தது.

"யாரது?"

"நான்தான், புல்" என்றது ஒரு சின்னக் குரல். "கோபித்துக்கொள்ளாதே அண்ணே. குவியலைச் சுற்றி ஒரு பத்தடி சும்மா கிடந்தது. மூன்று வருஷமாக யாரும் மிதிக்கவில்லை. அதனால் உட்கார்ந்தேன்."

"பத்தடிதானே. இருந்துவிட்டுப் போ."

"நீ பத்தடி என்கிறாய். எனக்குப் பின்னால் முள் வருகிறாள். இந்த மழை முடிவதற்குள் வந்துவிடுவாள். நானாவது மிதித்தால் சாய்வேன். அவள் சாய மாட்டாள். அப்புறம் நீ ஒரு பாதை இல்லை அண்ணே. இரண்டு முட்டுச் சந்து."

பாதைக்கு முழுத் தூக்கமும் கலைந்தது. "குவியலே, உன்னைத்தான்! கொஞ்சம் இறங்கேன். அவர்கள் அந்தப் பக்கம் பார்க்கட்டும்."

"இறங்குவதாவது!" என்றது குவியல். "இந்த மலையில் என்னைப் போல் நிமிர்ந்தது எது? நான் விழுந்தால் மூடுபனியில் வருகிறவர்கள் வழி தவறிவிடுவார்கள்."

"வருகிறவர்கள் யார்? இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் உன் காலடிவரை சரியாக வந்து, அங்கேதான் வழி தவறுகிறார்கள்."

அப்போது கீழே பள்ளத்திலிருந்து ஆறு பேசியது. எப்போதும் ஜெபம் முணுமுணுப்பது போலத்தான் அதன் குரல்.

"குவியலே, நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். அன்றைக்கு மழை பெய்தது, நான் பெருகினேன். யாரையும் மறிக்க நினைக்கவில்லை. அந்தச் சின்னவள் கரைக்கு ஓடி வந்தாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நான் அவளைக் கரையில் தள்ளினேன். மறுபடி இறங்கினாள். மறுபடி தள்ளினேன். மூன்று தரம். நான் விட்டுக்கொடுத்திருந்தால் மறுநாள் மேலூரில் இரண்டு குழி வெட்டியிருப்பார்கள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை."

பெரணிகூட அசையவில்லை.

குவியல் மெதுவாகக் கேட்டது: "விழுந்தால் வலிக்குமா?"

"தெரியாது" என்றது பாதை. "நான் எப்போதும் படுத்தே இருக்கிறவன்."

புல் சிரித்துவிட்டது. குவியலுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பில் அதன் தோள் குலுங்கியது. உச்சியில் இருந்த கல் ஒன்று நழுவியது. பிறகு இன்னொன்று. கறுப்பும் வெளுப்புமாக எல்லாம் கலந்து, புல்லின் மேலும் பாதையின் மேலும் மெல்ல உருண்டு படுத்தன.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ஒலாயா ஏறி வந்தாள். வெள்ளை முந்தானை போல மூடுபனி மேட்டைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. கையில் கல்லோடு நின்றவளுக்கு, வைக்க இடம் தெரியவில்லை. காலடியில் சிலேட்டுக் கற்கள். பழைய கல் என்றால் பாசி பிடித்திருக்கும். இவை புதுசு. ஒன்றா இரண்டா, அவள் வைத்த வெள்ளைக் கல் எத்தனையோ, கிட்டத்தட்ட அத்தனை.

ஒன்றைக் குனிந்து எடுத்தாள். ஓரத்தில் ஓர் ஆணித் துளை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் ஆணித் துளை. அவளுக்குத் தெரியும், அது மேலூர் வீட்டுக் கொல்லையில் சரிந்து கிடக்கும் பழைய ரொட்டியடுப்பின் கூரையில் ஆணியடித்திருந்த கல். அம்மாவின் அடுப்பு. அந்த வீட்டில் இப்போது இருப்பது ஒருத்திதான்.

"அட பாவி அக்கா" என்றாள் ஒலாயா. "வாராவாரமா?"

பனி ஒதுங்கி நின்றது. எதிரே பத்தடி தூரத்துக்குப் பச்சைப் புல். அதற்கு அப்பால், நன்றாகத் தேய்ந்த தடம் மேலூருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"மிதி" என்றது புல். "எனக்கு வலிக்காது. மிதி."

அவள் மிதித்தாள். ஒன்று, இரண்டு என்று பாதை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது. பத்தாவது அடி விழுந்ததும், பாதைக்குத் தலை முதல் கால்வரை ஒரே உடம்பாகிவிட்டது போல் இருந்தது. அந்தப் பாதம் இறங்க இறங்கக் கனம் குறைந்துகொண்டே வந்தது.

கசில்தா வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிழல் விழ, நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த அவரைக்காய் மட்டும் கீழே விழுந்தது.

"ஏண்டி, வருவதற்கு இவ்வளவு நாளா?"

ஒலாயா பாற்கட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"ஆறு ஏறியிருந்ததக்கா."

மழைக்காலம் இன்னும் முடியவில்லைதான். ஆனால் அன்றைக்கு ஆற்றில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. கசில்தாவுக்கும் அது தெரியும். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஆமாம்" என்றாள். "ஏறித்தான் இருந்தது."

அந்தக் குவியல் பிறகு முழங்காலுக்கு மேல் வளரவே இல்லையாம். யாராவது அக்கறையாக உயரம் கூட்டினால், மெதுவாகத் தோளைக் குலுக்கிவிடுமாம். சிஸ்டர் இதைச் சொல்லி முடித்தபோது வெளியே மழை விட்டிருந்தது. சிஸ்டர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்றைக்காவது நீங்களும் ஒரு மேடு ஏறி, கல்லை வைத்துவிட்டுத் திரும்ப நினைத்தால், திரும்புவதற்கு முன்னால் ஒரு தரம் அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள்.